கொட்டாமல் வைத்த தண்ணீர்

எழுபதுகளின் தொடக்கத்தில் பொம்மிடிக்கு மருமகளாக வந்தபோது, அந்த வீட்டில் என்னிடம் முகம் கொடுத்துப் பேசிய ஒரே ஆள் மாமனார்தான். ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மெட்ராஸிலிருந்து ஒரு கண்ணாடித் தொட்டியும், சுண்டுவிரல் நீளத்தில், மீசை வைத்த ஆறு கெளுத்திகளும் கொண்டுவந்து தன் அறையில் வைத்திருந்தார். ஊர்க் கெளுத்தி இல்லை. தொட்டி அடியை மோந்துகொண்டே திரியும் ஏதோ வெளிநாட்டுச் சாதி. அத்தை, அதாவது என் மாமியார், அந்த அறைக்குள் காலே வைக்கமாட்டார். கூட்ட வந்தால் வாசலிலேயே நின்று துடைப்பத்தை நீட்டிவிட்டுப் போய்விடுவார். மீன் நாற்றம் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். அவ்வளவுதான் எனக்குப் புத்தி.

மீன்கள் கண்ணாடியில் முட்டையை ஒட்டவைக்கும். விட்டால் அவையே தின்றுவிடும். அதனால் மாமா முட்டைகளைப் பிளேடால் சுரண்டி எடுத்து, எனாமல் பேசினில் அதே தொட்டித் தண்ணீரை ஊற்றி, பூஞ்சை பிடிக்காமலிருக்க நீல மருந்து இரண்டு சொட்டு விட்டுப் போட்டு வைப்பார். மணிக்கொருதரம் கோழி இறகால் தண்ணீரை அசைத்துவிடுவார். பஞ்சு பூத்து வெளுத்த முட்டையைப் பொறுக்கி எறிவார். இரண்டு வருடமாக ஒன்றுகூடப் பொரியவில்லை.

அந்தத் தடவை மூன்றாம் நாள் காலையில் முட்டைகளுக்குள் கண் வந்திருந்தது. ஒவ்வொன்றிலும் இரண்டு கறுப்புப் புள்ளி. எந்தப் பக்கம் போய் நின்றாலும் என்னையே பார்ப்பது போல இருந்தது. மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் கிடந்தார்.

"நாளைக்குப் பொரிச்சிரும் கண்ணு. எனக்கு என்ன ஆனாலும் அந்தத் தண்ணிய மட்டும் கொட்டிறாத" என்றார். மத்தியானத்துக்குள் போய்விட்டார்.

சாவு விழுந்த வீட்டில் சொட்டுத் தண்ணீர் வைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். குடம், அண்டா எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்த்துவிடுவார்கள். தண்ணீர் இருந்தால் போன உயிர் தாகத்துக்குத் திரும்பி வந்து அங்கேயே தங்கிவிடுமாம். பக்கத்து வீட்டு அக்காவும் இன்னொருத்தியும் கண்ணாடித் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் புழக்கடையில் சாய்த்தார்கள். ஆறு மீனும் மண்ணில் துடித்துச் செத்தன. நான் பேசினைக் கட்டிலுக்கடியில் டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் தள்ளினேன்.

"உள்ள இன்னும் தண்ணி இருக்குதா?" என்று அக்கா கேட்டார்.

"எல்லாம் கொட்டியாச்சுங்க்கா" என்றேன், வாய் கூசாமல். எனக்கு அத்தனை ஆங்காரம். சாகும்போது மனிதர் கேட்டது அந்த ஒன்றுதானே.

மறுநாள் பொரிந்தன. தொட்டியைக் கழுவி, கிணற்றுத் தண்ணீரோடு பேசின் தண்ணீரையும் சேர்த்து ஊற்றிக் குஞ்சுகளை விட்டேன். தினமும் காலையில் தீனி போட்டேன்.

மாமா தீனி போட்டது சாயந்திரம் நாலு மணிக்கு. இடது மூலைக் கண்ணாடியை நகத்தால் மூன்று தட்டுத் தட்டிவிட்டுத்தான் போடுவார். குஞ்சுகள் அவரைப் பார்த்ததே இல்லை. ஒரு மாதம் போனபின் ஒருநாள் நாலு மணிக்கு, அத்தனையும் அந்த மூலையில் வந்து ஒட்டிக்கொண்டு அசையாமல் வெளியே பார்த்தன. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். எனக்குப் பயமாக இருந்தது. பொய் சொல்வானேன், கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. மாமா இருக்கிறார்.

நான் நாலு மணிக்கெல்லாம் அந்த அறையில் போய் நிற்பதைக் கவனித்துவிட்டு, ஒருநாள் அத்தையும் பின்னாலேயே வந்தார். மூலையில் நின்ற மீன்களைப் பார்த்தார். சட்டென்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்.

"அன்னிக்குத் தண்ணி எல்லாத்தையும் கொட்டலையா நீ?"

சொன்னேன். வசவு வரும் என்று காத்திருந்தேன். அந்த மூலைக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் கிசுகிசுத்தார்.

"நாப்பது வருசம் அந்த மனுசன் செருப்புச் சத்தம் கேட்டாலே உசுரக் கையில புடிச்சிக்கிட்டு நின்னேன். போயிட்டாருன்னு நெனச்சிட்டிருந்தேனே கண்ணு."

குஞ்சுகளை வாளியில் அள்ளி ஏரியில் விட்டுவிட்டு வந்து, தொட்டித் தண்ணீரைச் சொட்டு விடாமல் கொட்டி, தொட்டியை வெயிலில் கவிழ்த்தேன். பொழுது சாய்கையில் அத்தை கூடத்து நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சோறு போடச் சொன்னார். அவர் உட்கார்ந்து சாப்பிட்டு அதுவரை நான் பார்த்ததில்லை.