ஒதியமரத்தின் பயன்

மரத்துக்குப் பெயர்ப்பலகை மாட்டுவது சுகமான வேலை என்று நினைப்பீர்கள். மரம் எதிர்த்துப் பேசாது என்பது வாஸ்தவம்தான். ஆனால் ஒவ்வொரு மரத்தடியிலும் நாலு மனிதர்கள் இருப்பார்கள், அவர்களுக்கு வாய் இருக்கும். ஏதோ ஒரு விஷயம் தெரியும் என்று ஒரு தடவை வாயைத் திறந்துவிட்டு, அப்புறம் அந்த விஷயத்தையே தலையில் கட்டிக்கொண்டு அலைந்தவர்கள் உங்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

வாயால் வந்த வினை

உத்திரமேரூர்ப் பஞ்சாயத்து ஆபீசில் நான் குமாஸ்தாவாக இருந்தேன். ஏரிக்குப் போகிற வழியில் ஒரு புறம்போக்கு மந்தைவெளி உண்டு. அதற்கு வேலி போட்டு, ஏற்கெனவே அங்கிருந்த புளி, வேம்பு, பூவரசோடு பட்டணத்திலிருந்து வரவழைத்த அலங்கார மரங்களையும் வைத்துப் பூங்கா ஆக்கியிருந்தோம். ஊருக்கு ரேடியோ வரப்போகிற சமயம் அது. பூங்காவில் மேடை கட்டி அதில் ரேடியோப் பெட்டியை வைப்பதாகத் தீர்மானம் ஆகியிருந்தது.

ஒருநாள் கூட்டத்தில் தலைவர், வாசலில் இரண்டு பக்கமும் நிற்கிற மரங்கள் சீதை உட்கார்ந்த அசோக மரத்தின் வம்சம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். அது நெட்டிலிங்கம், அசோகம் வேறு ஜாதி, அதற்குக் கொத்துக் கொத்தாகச் செம்மஞ்சள் பூ பூக்கும் என்று சொல்லித் தொலைத்தேன். கூட்டம் சிரித்தது. தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்து நிதானமாகச் சொன்னார்: "தெரிஞ்சவரு நீங்கதான் ஐயரே. எல்லா மரத்துக்கும் தகரத்துல பேரு எழுதி, கீழ பயன் எழுதி மாட்டிடுங்க. பயன் இல்லாத மரம் எதுன்னு தெரிஞ்சா அத வெட்டிட்டு அங்கியே ரேடியோ மேடைய கட்டிக்கலாம்."

புளியமரத்துக்குள் யார்?

முதல் பலகையைப் புளியமரத்தில் அடித்தேன். "புளி. பயன்: குழம்பு, ரசம், பாத்திரம் துலக்க" என்று நானே கறுப்புப் பெயிண்டில் எழுதி, நாலு மூலையிலும் ஆணி வைத்து அறைந்தேன். எழுத்து அழகாக வந்திருக்கிறதென்று எனக்கு ஏகத் திருப்தி. மறுநாளிலிருந்து சாயங்காலம் ஆனால் அந்தப் பக்கம் ஈ காக்கை கிடையாது. ஏரியிலிருந்து தண்ணீர் எடுத்துவருகிற பெண்கள் வேலியைச் சுற்றிக்கொண்டு தூரத்து வழியாகப் போக ஆரம்பித்தார்கள்.

எனக்குக் காரணம் விளங்கவில்லை. குடத்தோடு போன ஓர் அம்மாளை நிறுத்திக் கேட்டேன். பேய் பிடித்தவர்களைப் புளியமரத்தடிக்குக் கூட்டிவந்து, பேயை ஓட்டி மரத்தில் ஏற்றி ஆணி அடித்துவிடுவது நம் பக்கத்து வழக்கம். அது எனக்கும் தெரியும்தான். சுத்தியைக் கையில் எடுத்தபோது மறந்துபோனது. இது வெறும் பெயர்ப்பலகை, புளியமரம் என்று எழுதியிருக்கிறது என்று விளக்கினேன். அந்த அம்மாள் குடத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். "இது புளியமரம்னு எங்களுக்குத் தெரியாதா சாமி? நாலு ஆணி அடிச்சிக்கீறீங்களே, உள்ள யாரு கீறாங்கன்னு எழுதுங்க. அது தெரிஞ்சா போதும்."

பால் வடிந்த மரம்

அதன்பிறகு ஆணியை விட்டுவிட்டுக் கயிற்றுக்கு மாறினேன். பட்டணத்து மரங்களில் ஒன்று சீமை ஆல். தடித்த, பளபளப்பான இலை. வேடிக்கை பார்க்க நின்றவர்களுக்கு இது ஆல ஜாதி என்றால் நம்பிக்கை வரவில்லை. விழுது எங்கே என்று கேட்டார்கள். நான் ஒரு இலையைக் கிள்ளிக் காட்டினேன். பால் சொட்டுச் சொட்டாக வடிந்தது. எல்லோரும் அசந்துபோனார்கள். அன்றைக்குத்தான் எனக்கும் இந்த வேலையில் கொஞ்சம் ருசி தட்டியது.

அந்த வாரமே மரத்தில் வைக்கோல் மூட்டைகள் தொங்க ஆரம்பித்தன. காக்கைக் கூட்டம் வேறு. பக்கத்தில் போனால் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பசு கன்று போட்டால் நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றிப் பால் உள்ள மரத்தில் கட்டுவார்கள், கட்டினால் மாடு நன்றாகக் கறக்கும் என்று நம்பிக்கை. பூங்காவில் இதெல்லாம் கூடாது என்று ஒரு மாட்டுக்காரரிடம் தயவாகச் சொன்னேன். மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை. "பால் கீதுன்னு கிள்ளிக் காட்டனதே நீங்கதானே சாமி. எம்மாடு இப்ப ரெண்டு வேளையும் நல்லா கறக்குது. அவுக்கணும்னா நீங்களே அவுத்துக்குங்க, அந்தப் பாவம் எனுக்கு வாணாம்."

காலியாக இருந்த ஒரு வரி

எல்லா மரத்துக்கும் பயன் கிடைத்தது, ஒன்றைத் தவிர. பூங்காக் கோடியில் இருந்த குட்டையின் ஓரமாக நின்ற ஒதியமரம் அது. நாங்கள் வைத்ததல்ல, வேலி போடும்போதே இளமரமாக நின்றது. ஒதியமரத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உருப்படாத பிள்ளையை அப்பா திட்டுகிற வார்த்தை அது. மரம் விட்டத்துக்கு ஆகாது, விறகுக்கும் லாயக்கில்லை. கோடையில் இலையும் இருக்காது. தழையை ஆடு தின்னும் என்று தலைவரிடம் சொல்லிப் பார்த்தேன். ஆடு சுவரில் ஒட்டுகிற நோட்டீசைக்கூடத்தான் தின்கிறது என்றார். சந்தைக்கு மறுநாள் பலகைகளைப் பார்வையிட வருவதாகவும், கோடாலிக்காரரைக் கூடவே கூட்டிவருவதாகவும் சொல்லிவிட்டார்.

பூங்காவைக் கூட்டிப் பெருக்குகிற கன்னியம்மா அன்றைக்கு என்னிடம் வந்து நின்றாள். வேலிக்கு அந்தப் பக்கத்துச் சேரியில் அவள் வீடு. புருஷன் ஏழுமலை பண்ணை வேலை செய்துகொண்டிருந்தவன். நெஞ்சு நோய் வந்து பட்டணத்து ஆஸ்பத்திரியில் மாசக்கணக்காகக் கிடந்தான். பூங்காவில் வேறு எந்த மரத்துக்கும் இல்லாமல், இலை உதிர்ந்த அந்த ஒதியமரத்துக்கு மட்டும் அவள் தினம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவதை நான் பார்த்திருக்கிறேன். வேலை தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டேன்.

விஷயம் அதுவல்ல என்று அவள் சொல்லித்தான் தெரிந்தது. வேலி வருவதற்கு முன்னால் சேரிக்காரர்கள் கல்யாணப் பந்தல் போடுகிற இடம் அதுதான். பந்தலில் ஒதியங்கொம்பைக் கல்யாணக்காலாக நட்டுப் பெண்ணும் மாப்பிள்ளையும் அதைச் சுற்றி வருவார்கள். கல்யாணம் முடிந்ததும் அந்தக் காலைப் பிடுங்கி ஈரமான இடத்தில் நட்டுப் பெண் தண்ணீர் ஊற்றுவாள். அது துளிர்த்தால் குடும்பமும் துளிர்க்கும். கன்னியம்மாவின் கல்யாணக்கால்தான் அந்த ஒதியமரம். அவளுக்கு அழுகை வரவில்லை, துடைப்பத்தை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். "ஆஸ்பத்திரிக்கி போனா, அது என்னை மொதல்ல கேக்கறதே நம்ம கால் கீதான்னுதான். கீது, நீ வந்து பாருன்னு சொல்லிக்கினு வரேன். வெட்டிட்டா நான் போயி இன்னா சாமி சொல்றது?"

கோடாலி வந்த காலை

அவளை வேலையைப் பார்க்கச் சொன்னேன். ஆபீசுக்குப் போய்த் தகரத்தை எடுத்தேன். மற்றப் பலகைகளுக்கு எழுதின மாதிரியே முதல் வரியில் மரத்தின் பெயரும், அடுத்த வரியில் பயனும் எழுதி, ஈரம் காய்வதற்குள் கொண்டுபோய்க் கட்டிவிட்டேன். கட்டி முடித்த பிறகுதான் வேலை போய்விடுமோ என்று பயம் வந்தது.

சொன்னபடி தலைவர் வந்தார். பின்னால் தோளில் கோடாலியோடு ஒருவர். தலைவர் ஒவ்வொரு பலகையாக நின்று வாய்விட்டுப் படித்தார். நெட்டிலிங்கத்தின் அடியில் மட்டும் மனசுக்குள் படித்துக்கொண்டு நகர்ந்தார். புளியில் தலையாட்டினார், சீமை ஆலில் மூக்கைப் பொத்தினார். ஒதியமரத்துக்கு வந்ததும், "ஒதியமரம். பயன்: ஏழுமலை கன்னியம்மா கல்யாணக்கால்" என்று உரக்கப் படித்துவிட்டு அப்படியே நின்றார். கொஞ்ச தூரத்தில் கன்னியம்மா கூட்டுவதை நிறுத்திவிட்டிருந்தாள். அவளை ஒரு தடவை பார்த்தார், கிளை நுனியில் அப்போதுதான் முட்டிக்கொண்டு வந்த செந்தளிரைப் பார்த்தார். கோடாலிக்காரரைப் போகச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். "துளுத்த கால்ல கோடாலி வெச்சவன்னு எனுக்கு ஒரு பேரு வரணுமா ஐயரே? மேடைய அந்தப் புளியமரத்தாண்ட கட்டிடுங்க. உள்ள கீறவங்களும் பாட்டு கேட்டுக்கினு கெடக்கட்டும்."

திருத்தம் கேட்டு வந்தவன்

ரேடியோ வந்ததும் புளியமரத்துப் பயம் போன இடம் தெரியவில்லை. சாயங்காலச் செய்தியும் பாட்டும் முடிகிறவரை அந்தப் பெண்கள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள். ஐப்பசி மழை விட்டிருந்த ஒருநாள், பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது கன்னியம்மா ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஆள் மெலிந்து சட்டைக்குள் தொளதொளவென்று இருந்தான். ரேடியோப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே ஒதியமரத்துக்குப் போய் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான். மரம் நிறைய இலை விட்டிருந்தது.

யாரும் சொல்லாமலே ஏழுமலை என்று தெரிந்தது. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தில், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். தேவலாம் என்றான். படிக்கத் தெரியாது, பலகையில் என்ன எழுதியிருக்கிறதென்று படித்துக் காட்டச் சொன்னான். படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னான், படித்தேன். கன்னியம்மா கூச்சத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் பலகையை விரலால் தடவிப் பார்த்தான். "எல்லாம் சரியாத்தான் கீது சாமி. எம்பேரத்தான் மின்ன போட்டுட்டீங்க. நான் ஆஸ்பத்திரில படுத்துக்கினு இருந்தேன், தண்ணி ஊத்தனது அவ. அவ பேர மின்ன போடுங்க."

அந்தப் பூங்காவில் நான் எழுதின அத்தனை பலகைகளிலும், தப்பென்று ஒப்புக்கொண்டு மறுபேச்சில்லாமல் அழித்து எழுதியது அந்த ஒன்றைத்தான். வாசலில் நிற்பது அசோகம்தான் என்று தலைவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.