மலைக்குத் தயாரான வண்டி

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மலை என்றால் என்னவென்று சொல்லிப் புரியவைப்பது கொஞ்சம் சிரமம். புதுச்சேரி அப்படியொரு தட்டையான ஊர். சைக்கிளை மிதிக்காமல் விட்டு உருண்டுபோக ஒரு சரிவு வேண்டுமென்றால் தேடித்தான் போக வேண்டும். தேடிப் போனால் கிடைப்பது லாஸ்பேட்டை. அங்கே விமான நிலையத்துக்குப் போகும் சாலை கொஞ்சம் மேடேறும். வெளியூர்க்காரர்கள் அதை மேடு என்று ஒப்புக்கொள்ளவே மாட்டார்கள். முத்தியால்பேட்டைக்காரர்களான எங்களுக்கு அதுதான் இமயமலை.

அந்த இமயமலையில்தான் செவ்வாய்க்கிழமை தவறாமல் எங்கள் வண்டியின் மானம் போய்க்கொண்டிருந்தது.

கியர் இல்லாத சின்ன ஸ்கூட்டர் அது. கடற்கரைப் பக்கம் வருகிற சுற்றுலாக்காரர்களுக்கு வண்டி வாடகைக்கு விடும் கடையில் அப்பா வேலை பார்த்தார். எத்தனையோ வெள்ளைக்காரர்கள் ஓட்டி, விழுந்து, எழுந்து, கடைசியில் இனி வாடகைக்கு ஆகாது என்று ஒதுக்கிய வண்டியை அப்பாவுக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள். சனி ஞாயிறில் கடையில் கூட்டம் அலைமோதும் என்பதால் அப்பாவுக்கு செவ்வாய்க்கிழமைதான் விடுமுறை. அன்று நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், பை வைக்கிற நேரம்கூடக் கொடுக்காமல், "குந்து பாப்பா, ட்ரையல் பாத்துட்டு வந்துடலாம்" என்பார். நான் பின்னால் ஏறி அவர் சட்டையைப் பிடித்துக்கொள்வேன்.

மேடு தொடங்கும்போது வண்டி நன்றாகத்தான் போகும். பாதிக்கு வரும்போது முனகத் தொடங்கும். பக்கத்தில் நடந்து போகிறவர் எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே முந்திவிடுவார். அப்புறம் அப்பா கால் ஊன்றிவிடுவார்.

"எறங்கிக்கோ பாப்பா. நான் மேல நிக்கிறேன், நீ நடந்து வா."

நான் இறங்கியதுதான் தாமதம், வண்டிக்கு எங்கிருந்தோ உயிர் வந்துவிடும். விர்ரென்று ஏறிப் போய்விடும். நான் புத்தகப் பையோடு சாலை ஓரமாக நடப்பேன். அப்பாவின் முதுகு சின்னதாகிக்கொண்டே போகும். ஆனால் பயம் கிடையாது. மேலே போய்ச் சேரும்போது வண்டியைச் சாய்த்து நிறுத்திவிட்டு அவர் நின்றுகொண்டிருப்பார், கையில் எனக்கு ஒரு குச்சி ஐஸ் இருக்கும். நான் இறங்கினால் வண்டி ஏறும், அப்பா மேலே நிற்பார். அந்த வருஷம் நான் உறுதியாகத் தெரிந்துகொண்டிருந்த விஷயம் அது ஒன்றுதான்.

இத்தனை பாடும் எதற்கென்றால், அம்மா மலையில் இருந்தாள். அம்மா நர்ஸ். கல்வராயன் மலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை கிடைத்து, நான் ஐந்தாம் வகுப்புக்குப் போன ஜூன் மாதத்தில் ஒரு பெட்டியோடு கிளம்பிப் போனாள். சண்டை எதையும் நான் பார்க்கவில்லை. அதற்கு முந்தைய வருஷம் முழுக்க வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை, அவ்வளவுதான். பேசாமல் இருப்பதும் ஒரு சண்டை என்று ஐந்தாம் வகுப்புப் பாடத்தில் இல்லை.

அம்மா போன பிறகு வீடு பெரிதாகிவிட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பக்கத்து வீட்டில் சாவி வாங்கித் திறந்தால் காலையில் நான் போட்ட ரிப்பன் போட்ட இடத்திலேயே கிடக்கும். யாராவது அதை எடுத்து வைத்து என்னைத் திட்டியிருக்கக் கூடாதா என்றிருக்கும். வாடகைக்குப் போன வண்டிகள் எல்லாம் திரும்பி வந்த பிறகுதான் அப்பா வருவார். அதுவரை டி.வி.யைப் போட்டுவிட்டு அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பேன். வீட்டில் ஒரு பேச்சுச் சத்தம் வேண்டும், அதற்காக.

"எப்ப அம்மாகிட்ட போறோம்?" என்று கேட்டால் அப்பாவிடம் ஒரே பதில்தான். "வண்டி மலைக்குத் தயாராவட்டும்."

பஸ்ஸில் போகலாமே என்று நானும் கேட்டேன். ஒருமுறை விழுப்புரம் போகிற பஸ்ஸில், வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரியவர் மடியில் நான் வாந்தி எடுத்திருந்தேன். அதை அப்பா ஞாபகப்படுத்தினார். சமதரையிலேயே அந்த கதி என்றால் மலைப்பாதையில் வளைந்து வளைந்து போகும்போது என்ன ஆகும்? நியாயமாகத்தான் பட்டது. ஆக, நாங்கள் அம்மாவிடம் போகாமலிருப்பதற்குக் காரணம் பாதி வண்டி, பாதி என் வயிறு என்று ஏற்றுக்கொண்டேன்.

அப்பா வண்டியைச் சும்மா விட்டுவைக்கவில்லை. ஒரு வாரம் ஏர் ஃபில்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார். அடுத்த வாரம் பிளக்கை மாற்றினார். அப்புறம் பெல்ட் தேய்ந்திருக்கிறது என்றார். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் மேட்டில் பாதியில் நின்று என்னை இறக்கிவிட்டு, "இன்னும் கொஞ்சம் பாக்கணும்" என்பார். அவர் முகத்தில் வருத்தம் தெரிந்ததா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். ஐஸ் மட்டும்தான் ஞாபகம் வருகிறது.

பக்கத்துத் தெருவிலிருந்த அத்தைதான் எங்களுக்குக் குழம்பு கொடுத்தனுப்புவாள். அப்பாவோடு பிறந்தவள் என்பதால் அவள் வாய்க்குப் பூட்டு கிடையாது. ஒருநாள் பாத்திரத்தை வைத்துவிட்டு, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அப்பாவிடம் சொன்னாள்:

"பொட்டப் புள்ளடா. நாளைக்கே பெரிய மனுஷியாயிட்டா நீ இன்னாடா பண்ணுவ? அதுக்குள்ள அவகிட்ட கொண்டுபோய் சேத்துடு."

அப்பா ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அத்தை நம் பக்கம் பேசுகிறாளே என்று எனக்கு அவள்மேல் ஒரே பாசம். அந்த வாரம் அவள் மாவு அரைக்கும்போது கூடமாட நின்று உதவி செய்தேன்.

மணிக்கூண்டுக்குப் பின்னால் இருந்த பட்டறையில் ஒரு மெக்கானிக் அண்ணன் இருந்தார். அப்பாவுக்குக் கூட்டாளி. வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கிண்டல் செய்தார். "இன்னாணா, பாப்பா வளருது, வண்டி வளருமா? ஒரு ஆளுன்னா பறக்கும். ரெண்டு பேர் வெயிட்டுக்குப் பிக்கப் இல்ல, அவ்ளோதான்."

அவர் விளையாட்டாகச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். எனக்கோ கதவு திறந்த மாதிரி இருந்தது. வண்டியை என்னால் சரிசெய்ய முடியாது. என்னைக் குறைக்க முடியும்.

மறுநாளிலிருந்து டிபன் பாக்ஸில் இருக்கும் இட்லி, பள்ளிக்கூட வாசலில் படுத்திருக்கும் செவலை நாய்க்குப் போயிற்று. அப்பா காலையில் அவசரமாக வேகவைத்து, ஓரம் பிய்யப் பிய்ய எடுத்து வைத்த இட்லி. நாய் ஒரு குறையும் சொல்லாமல் தின்றது. ராத்திரி சாப்பாட்டைத் தட்டில் பரப்பி வைத்துப் பாதியை ஒதுக்கிவிடுவேன். பழைய பேப்பர் கடைக்காரர் தராசில் மூட்டை இல்லாத நேரமாகப் பார்த்து ஏறி நிற்பேன். முள் கொஞ்சம் இடப்பக்கம் வந்திருந்தால், அம்மா இருக்கும் மலை ஒரு முழம் பக்கத்தில் வந்துவிட்டதாக நினைத்துக்கொள்வேன். நாய் நன்றாகப் பெருத்தது. நான் படிக்கட்டு ஏறினால் கண் இருட்டியது. இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சாப்பிடச் சொல்வார்கள், சாப்பிட்டால் அம்மாவைப் பார்க்க முடியாது.

ஒருநாள் அப்பா பஞ்சருக்காக வண்டியைப் பட்டறையில் விட்டிருந்தார். பள்ளிக்கூடம் விட்டு நான் அங்கேயே போய் அவருக்காகக் காத்திருந்தேன். மெக்கானிக் அண்ணன் தனக்கு வாங்கிய வடையில் ஒன்றை நீட்டினார். வேண்டாம் என்றேன்.

"ஏன், உடம்பு சரியில்லியா? கண்ணெல்லாம் உள்ள போயிருக்குது?"

பெருமையை அடக்க முடியவில்லை. வண்டிக்காக இளைத்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. கையிலிருந்த வடையை என் கையில் திணித்துவிட்டு வண்டியிடம் போனார். பிறகு பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். உள்ளேயிருந்து குட்டிக் குட்டி உருளைகளை எடுத்துக் காட்டினார். ரோலர் என்றார். இதை மாற்றி லேசான ரோலர் போட்டால் மேட்டில் இழுக்கும், ஆனால் சமதரையில் வேகம் போகாது, ரெண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றார். நான் அந்த வடையைத் தின்று முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது.

அப்பா வந்ததும் அண்ணன் அவரைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய் ஏதோ பேசினார். கடைசி வரி மட்டும் கேட்டது: "ரோலர மாத்திட்டேன்ணா. புள்ளைய சோறு துன்னச் சொல்லு."

அன்றைக்கு அப்பா என்னைக் கடைக்குக் கூட்டிப் போய்ப் புரோட்டா வாங்கிக் கொடுத்தார். தட்டு காலியாகும்வரை எதிரில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தனக்கென்று எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை வண்டி லாஸ்பேட்டை மேட்டில் நிற்கவே இல்லை. கத்திக்கொண்டே, ஆனால் நிதானமாக, எங்கள் இரண்டு பேரையும் உச்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. நான் பின்னால் எழுந்து நின்று கூவினேன். அப்பா வண்டியை அணைத்துவிட்டு, ஊர்ப் பக்கம் பார்த்தபடி நின்றார். ஐஸ் வாங்கவும் மறந்துவிட்டார்.

"ஏறிடுச்சுப்பா!"

"ஆமாம்மா, ஏறிடுச்சு."

ஞாயிற்றுக்கிழமை அம்மா போன் செய்தபோது நான்தான் முதலில் சொன்னேன். "வண்டி ஏறிடுச்சும்மா! ரெண்டு பேரோட!" "அப்பாகிட்ட குடு கண்ணு" என்றாள். அப்பா போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். "சரி" என்றார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு "சரி". அவ்வளவுதான்.

அடுத்த செவ்வாய் விடிந்ததும் கிளம்பினோம். காலடியில் வைக்க அப்பா கட்டியிருந்த பையைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. என் துணி அத்தனையும் அதில் இருந்தது. பள்ளிக்கூடப் புத்தகங்கள்கூட. இத்தனை மாதம் எடையைக் குறைக்கப் பட்டினி கிடந்தவளிடம் கேட்காமல் இவ்வளவு பெரிய மூட்டை எதற்கு? அப்பா "இருக்கட்டும்" என்றார்.

மெக்கானிக் அண்ணன் சொன்னது சரிதான். சமதரையில் வண்டி ஓடவே இல்லை. விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி என்று நெடுஞ்சாலையில் எல்லாரும் எங்களைத் தாண்டிப் போனார்கள். அப்பாவுக்கு அதில் ஒன்றும் அவசரமில்லை. டீக்கடை கண்ட இடமெல்லாம் நிறுத்தினார். கச்சிராயபாளையம் தாண்டியதும் மலை தெரிந்தது. அவ்வளவு உயரமாக ஒன்று நிற்கும் என்று நான் நினைக்கவே இல்லை. லாஸ்பேட்டையை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது.

முதல் வளைவில் வண்டி ஏறியது. இரண்டாவதிலும் ஏறியது. நன்றாகவே ஏறிக்கொண்டிருந்தது. அப்போது அப்பா ஓரம் கட்டினார்.

"எறங்கிக்கோ பாப்பா. வண்டி சூடாயிடுச்சு."

கீழேயிருந்து ஒரு பஸ் வந்தது. அப்பா கை காட்டி நிறுத்தி, பையைத் தூக்கி உள்ளே வைத்தார். கண்டக்டரிடம், "வெள்ளிமலையில அவங்க அம்மா நிப்பாங்க. ஆஸ்பத்திரி நர்ஸு. பாத்து எறக்கி வுடுங்க" என்றார். என்னையும் ஏற்றிவிட்டு, தலையில் கை வைத்து அழுத்தினார். பிறகு பஸ்ஸின் தகரத்தை இரண்டு தட்டு தட்டி, "தூஸ்மா" என்றார். மெதுவாகப் போ என்று பிரெஞ்சில் அர்த்தம். கடையிலிருந்து வண்டி எடுத்துப் போகிற ஒவ்வொரு வெள்ளைக்காரரிடமும் அவர் சொல்லி அனுப்புகிற வார்த்தை அது.

பஸ்ஸில் நான் வாந்தி எடுக்கவே இல்லை. இதை அப்பாவிடம் சொல்லிக் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

அம்மா நிறுத்தத்தில் நின்றிருந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பையை எடுத்துக்கொண்டு, "வா, வீட்டுக்குப் போலாம்" என்றாள். நான் மறுத்துவிட்டேன். அப்பா பின்னாலேயே வருகிறார், நான்தான் இறங்கிவிட்டேனே, இனி வண்டி சுலபமாக ஏறிவிடும் என்றேன். அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் நான் எழுந்து நின்றேன். எங்கள் வண்டியின் முனகலை ஆயிரம் வண்டிக்கு நடுவிலும் எனக்கு அடையாளம் தெரியும். வெயில் தாழ்ந்து குளிர் ஏறியது. "இன்னும் சூடு ஆறியிருக்காதும்மா" என்று அப்பாவுக்காக நானே சமாதானம் சொன்னேன். அம்மா "ஆமா கண்ணு" என்றாள்.

அவர்கள் இருவரும் எப்போதோ பிரிந்துவிட்டார்கள் என்பதும், நான் யாரிடம் வளர்வது என்பது மட்டும்தான் பாக்கி இருந்தது என்பதும், எனக்குத் தெரியவர வெகுநாள் ஆயிற்று. அதற்குப் பிறகு அப்பா மலைக்கு வந்திருக்கிறார், பல தடவை. எல்லாத் தடவையும் பஸ்ஸில்தான்.

இப்போது என்னிடமும் ஒரு ஸ்கூட்டர் இருக்கிறது. போன வருஷம் அதற்கு ரோலர் மாற்றினார்கள். நான் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் மூடியைப் போட்டுத் தந்துவிட்டார்கள். அப்போதுதான் அப்பாவின் கடை ஞாபகம் வந்தது. ஏலகிரி போகிறோம், ஏற்காடு போகிறோம் என்று வந்து நிற்கிறவர்களுக்கெல்லாம் அவரே நின்ற இடத்தில் ரோலர் மாற்றிக் கொடுத்து, "தூஸ்மா" சொல்லி அனுப்புவார். அது இன்னதென்று தெரியாமலே நானும் எத்தனையோ தடவை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். எங்கள் வண்டிக்கு மட்டும்தான் அவர் ஏர் ஃபில்டரையும் பிளக்கையும் மாதக்கணக்கில் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த மேட்டில் அது ஏறாமல் இருக்கிறவரை நான் அவரிடம் இருப்பேன். நான்தான் இட்லியை நாய்க்குப் போட்டு அதை ஏற்றிவிட்டேன்.