மலையேறிய தலைப்பிரட்டை

எங்கள் மலையில் எங்கே சூடு தெரிந்தாலும் வானத்தில் போகிற செயற்கைக்கோள் மூவா அத்தையின் போனுக்குச் சொல்லிவிடும். அத்தை உடனே பைக்கை உதைப்பாள். போய்ப் பார்த்தால் பாதி நாள் அது காட்டுத்தீயே இல்லை. வெயிலில் காய்ந்த தகரக் கூரையாக இருக்கும், இல்லாவிட்டால் கல்யாண வீட்டில் பன்றி வாட்டுகிற அடுப்பாக இருக்கும். அத்தை அதையும் படம் எடுத்து வனத்துறை அதிகாரிக்கு அனுப்புவாள். பன்றியையும் ஒரு கை பார்த்துவிட்டு வருவாள்.

கோடையில் இன்னொரு வேலையும் உண்டு. எங்கே தீப்பிடிக்கும் என்று மலையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, நிறம் பூசிய வரைபடம் வரும். பச்சை என்றால் பயமில்லை. சிவப்பு என்றால் ஒரு சுருட்டுப் பொறி போதும். மரத்தடிச் சருகு மேலிருந்து தெரியாது என்பதால், சந்தேகமான கட்டத்துக்கு அத்தை ஏறிப்போய்ச் சருகைக் கையில் நொறுக்கிப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். பொய் சொல்லத் தெரியாத ஆளுக்கு ஊர் இந்த வேலையைக் கொடுத்திருக்கக் கூடாது.

ஏனென்றால் இந்த வருஷம் சந்தேகம் வந்தது அவளுடைய வயல் இருக்கிற கட்டத்துக்கே. காட்டை வெட்டிக் காயப்போட்டாயிற்று. மழைக்கு முன்னால் எரித்தால்தான் நெல் ஊன்றலாம். மழை முந்தினால் ஒரு வருஷச் சோறு போச்சு. சிவப்புக் கட்டத்தில் எரிக்க அனுமதி கிடையாது. வயலைச் சுற்றி ஆளும் தண்ணீரும் நிறுத்தினால் கிடைக்கும்தான். ஆனால் அந்த மேட்டுக்குத் தண்ணீர் சுமக்கிற பைத்தியம் யார்?

"பாவ் அம்மா, ஈரமா இருக்குன்னு அனுப்பிடு," என்றார் அவள் புருஷன் லேர்கே மாமா. பாவ் அவர்கள் மகள்.

"நான் இன்னும் போய்ப் பாக்கவே இல்லையே."

"பாக்காம சொல்றதுதான் சுலபம்."

"அப்ப உங்களையும் நல்ல புருஷன்னு பாக்காமலே சொல்லிடறேன்."

அவள் பொய் சொல்ல மாட்டாள் என்றால் சருகை மாற்றிவிடலாமே. யோசனை யாருடையது என்பது முக்கியமில்லை, நல்ல யோசனை. நானும் மாமாவும் அரிசிச் சாராயக் கேன்களில் கீழ்க்குளத்துத் தண்ணீரை மொண்டு, நாக்குத் தள்ள மேடேறி, வயலோரச் சருகையெல்லாம் நனைத்துவிட்டு மரத்துக்குப் பின்னால் ஒளிந்தோம்.

அத்தை வந்தாள். குனிந்து ஒரு பிடி சருகை அள்ளினாள். நொறுங்கவில்லை. முகர்ந்தாள். வானத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையில் ஏதோ நெளிவதைப் பார்த்தாள்.

"பாவ் அப்பா, வெளிய வாங்க. டீலோ, நீயும் வா. உன் காது தெரியுது."

வந்தோம்.

"இது என்ன?"

"தலைப்பிரட்டை," என்றார் மாமா.

"மலை மேலயா?"

"மழையில விழுந்திருக்கும் அத்தே," என்றேன்.

"எந்த மழைடா சாராய வாசனையோட பெய்யுது?"

சிரித்துவிட்டாள். ஆனாலும் பத்தடி தள்ளிப்போய், நாங்கள் நனைக்காத இடத்தில் ஒரு பிடி அள்ளினாள். அப்பளம் மாதிரி நொறுங்கியது. 'சிவப்பு' என்று அனுப்பினாள். மாமா அப்படியே உட்கார்ந்துவிட்டார். மேற்கே மேகம் கட்டியிருந்தது.

அத்தை காலிக் கேன்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இவ்வளவையும் நீங்க ரெண்டு பேருமா சுமந்தீங்க?" என்று கேட்டவள், பதிலுக்குக் காத்திராமல் அதிகாரியைக் கூப்பிட்டாள்.

"சார், கட்டம் சிவப்புதான். ஆனா இங்க தண்ணி நிறுத்த முடியும்."

"எப்படிம்மா? அங்க ஓடையே கிடையாதே."

"எங்க வீட்டுக்காரர் சுமக்கறார் சார். ரொம்ப ஆசையா சுமக்கறார்."

மாமா என்னைப் பார்த்தார். நான் மேகத்தைப் பார்த்தேன்.

மறுநாள் ஊரிலுள்ள சாராயக் கேன் அத்தனையும் மேடேறின. அதிகாரியே வந்து, காற்று அடங்கியதைப் பார்த்துத் தலையாட்டினார். சோறு வேகிற நேரத்தில் வயல் எரிந்து முடிந்தது. ஒரு பொறிகூடக் காட்டுக்குள் போகவில்லை. தலைப்பிரட்டையைக் குளத்தில் விட்டது தான்தான் என்று மாமா சொல்லித் திரிகிறார். விட்டது நான். போகிற வழியில் அதனோடு பேசினேனா என்பது ஊருக்குத் தேவையில்லாத விஷயம்.

சாயங்காலம் அத்தையின் போன் கத்தியது. எங்கள் கட்டத்தில் சூடு தெரிகிறதாம், போய்ப் பார்க்க வேண்டுமாம். கரி அப்பிய முகத்தோடு அங்கேயே நின்றிருந்தவள், போனைத் தன் பக்கமே திருப்பிப் படம் எடுத்தாள். பின்னால் இடுப்பை நிமிர்த்த முடியாமல் மாமா நின்றார். கீழே எழுதினாள்: 'நிஜத் தீதான். எங்களுடையது. அணைந்துவிட்டது.'