போக ஒரு கல், வர ஒரு கல்

செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, கல்லின் மேல் ஏறி நிற்கிறார் தையலக்கா. கண்ணை மூடிக்கொள்கிறார். குதிகாலை அழுத்திப் பார்க்கிறார், விரல்களை விரித்துச் சுருக்குகிறார், அப்புறம் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கிறார். ஆற்றோரத்தில் காற்று வாங்க வந்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நகர்கிறார்கள். "வேண்டாங்க, இது வாயே தொறக்க மாட்டேங்குது" என்று இறங்கிவிடுகிறார். அடுத்த கல்லை நோக்கி நடக்கிறார்.

சாக்குப் பையோடு பின்னால் வருகிற கணவர் மறுபேச்சுப் பேசுவதில்லை. அவர் லாரி மெக்கானிக். இன்ஜின் முனகினால் உடனே என்ன ஏது என்று விசாரிப்பார், மனிதர்கள் கேட்டால் "ம்" என்பதோடு சரி. தெருவில் அவருக்குக் கல்லுளிமங்கன் என்று பெயர். மனைவி கல் பொறுக்கக் கிளம்பிய பிறகு அந்தப் பெயர் இன்னும் பொருத்தமாகிவிட்டது என்று நானே சொல்லிச் சிரித்திருக்கிறேன். விஷயம் தெரிவதற்கு முன்னால் சிரித்தது அது.

தெருவில் இருக்கும் பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் சீருடை தைப்பவர் அக்கா. நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவன். என் சட்டைக் காலர் நைந்துபோனால் கேட்காமலே பிரித்து, திருப்பி வைத்துத் தைத்துக் கொடுப்பார். கொடுக்கும்போது, "தம்பி, கழுத்தையும் கொஞ்சம் தேய்ச்சுக் குளிங்க" என்றும் சொல்லிவிடுவார். துணியில் அழுக்கைப் பார்த்தால் மனிதரின் முகத்தைப் பார்த்துப் பேசுகிற வழக்கம் அவருக்கு.

அந்தக் கண்ணுக்குத்தான் இப்போது வினை வந்திருக்கிறது. பார்வை ஓரங்களிலிருந்து உள்நோக்கிச் சுருங்கிக்கொண்டே வரும் நோய். "சுருக்குப் பை நாடாவ இழுத்தா வாய் சின்னதாயிட்டே வருதில்ல, அந்த மாதிரி. என்னைக்கு முடிச்சுப் போடுவான்னு டாக்டருக்கே தெரியல" என்று வேறு யாருக்கோ வந்த வியாதியைப் போலச் சொன்னார். நடுவில் ஒரு சிறிய வட்டம் மட்டும் தெரிகிறது. ஆகவே ஊசியில் நூல் கோர்த்துவிடுகிறார், காலடியில் இருக்கும் வாளியில் இடறி விழுகிறார். மங்கலான வெளிச்சமென்றால் அந்த வட்டமும் இல்லை. மருந்து கிடையாது.

தையல் அறை வீட்டுக்குள் இல்லை, தோட்டத்தின் கடைசியில் தனியாக இருக்கிறது. பின்கதவைத் திறந்து கொஞ்ச தூரம் நேராக நடந்து, எலுமிச்சை மரத்தருகே திரும்பி, சிமெண்டுத் தொட்டியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். பார்வை முழுக்கப் போனாலும் நேர்த்தையல் போட முடியும், தலையணை உறையும் திரைச்சீலையும் தைத்துக்கொண்டிருக்கலாம் என்பது அவர் கணக்கு. மெஷின்வரை போய்ச் சேர்வதுதான் பாடு. கணவர் கையைப் பிடித்துக் கூட்டிப் போகத் தயாராகத்தான் இருக்கிறார். அங்கேதான் அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. "கையப் பிடிச்சு இங்க வெச்சு அங்க எடுத்தா நான் ஆளில்ல தம்பி, சாமான். என் வேலைக்கு நானே போகணும், நானே வரணும்."

கம்பி கட்டிப் பிடித்துக்கொண்டு நடக்கலாமே என்று மூக்கை நுழைத்தேன். "ரெண்டு கையிலயும் துணி இருக்குமே, பல்லால கடிச்சுக்கறதா?" என்றார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

அதனால் கால்களை நம்பி ஒரு பாதை. கடையில் விற்கிற கற்கள் எல்லாம் ஒரே அச்சு, காலுக்கு ஒன்றும் சொல்லாது. ஆற்றுப் புறம்போக்கில் கிடக்கிற கற்களில் ஒன்று மற்றொன்றைப் போல இருப்பதில்லை. அங்கே அரசாங்கப் பலகை ஒன்று உண்டு: வீட்டுத் தோட்டத்துக்கென்றால் தரைமேல் தானாகக் கிடக்கும் கல்லை, ஒருவர் கையால் தூக்க முடிந்த அளவு, எடுத்துப் போகலாம். தோண்டக் கூடாது, கடப்பாரை கூடாது, விற்கவும் கூடாது. நுழைவு வாசலில் ஒரு காவலர் உட்கார்ந்திருக்கிறார். அவர் கறார் பேர்வழி, சாக்குப் பையை உதறிக் காட்டச் சொல்வார். "மேல கெடந்தா உங்களுது, மண்ணுக்குள்ள இருந்தா ஆத்தோடது" என்பார்.

அக்கா அவரைவிடக் கறார். ஒருநாள் பாதி புதைந்திருந்த ஒரு கல்லைக் கணவர் டயர் நெம்புகோலால் கிளப்பிவிட்டார். காவலர் பார்க்கவில்லை. அடியில் வெள்ளை வெள்ளையாகப் புழுக்களும் ஒரு நண்டுக் குஞ்சும் வெளிச்சம் தாங்காமல் ஓடின. அக்கா குனிந்து முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். "ஒரு குடும்பமே குடியிருக்குங்க. கூரையப் பிச்சு எடுத்துட்டு வந்து நான் நடக்கணுமா? வெச்சுடுங்க" என்றார். வைத்ததும் விடவில்லை. "நல்ல பக்கம் மேல வரட்டும், திருப்பி வைங்க."

அது துணிக்காரர் பேச்சு. அவரைப் பொறுத்தவரை துணிக்கு இருப்பதுபோலக் கல்லுக்கும் நல்ல பக்கம், உள் பக்கம் உண்டு. வெயிலும் தண்ணீரும் பட்டு வானத்தைப் பார்த்துக் கிடந்தது நல்ல பக்கம். தேர்ந்தெடுத்த கல்லைத் தூக்குவதற்கு முன், தையல் சாக்கட்டியால் அதன் மேல் ஒரு கோடு போடுவார். வீட்டில் கணவர் அந்தக் கோடு மேலே தெரியும்படி பதிக்க வேண்டும். ஒருமுறை மாற்றி வைத்துவிட்டு அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது மாடிவரை கேட்டது.

பாதையெங்கும் வழவழப்பான தட்டைக் கற்கள். நடுநடுவே, எதையாவது சொல்ல வேண்டிய இடத்தில், வேறு மாதிரி ஒரு கல். இடது காலில் சொரசொரப்பாக ஒன்று உறுத்தினால் அடுத்த எட்டில் மரம், திரும்ப வேண்டும். வலது காலில் நடுவில் குழிந்த ஒன்று பட்டால் முன்னால் தொட்டி, ஒதுங்க வேண்டும். கூன் விழுந்த கல் வந்தால் தையல் அறையின் படி. பாதை முடிந்த பிறகு அந்தப் பின்தோட்டம் அழகாகவும் இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். விசாரிக்க வந்த பக்கத்து வீட்டு அம்மா, "ஏன் தங்கச்சி, தோட்டத்துக்கு ஜோடனையா?" என்று கேட்டார். "ஆமாக்கா, சும்மா பொழுது போகல" என்றார் அக்கா. கண்ணைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஒத்திகை ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. வெட்டி மீந்த துணியால் கண்ணை இறுகக் கட்டிக்கொண்டு, பின்கதவிலிருந்து கிளம்பினார். சொரசொரப்பில் நின்றார், திரும்பினார். குழியில் நின்றார், ஒதுங்கினார். கூனல் கல்லை மிதித்ததும் படியேறி, மெஷின் மேல் கையை வைத்து, சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். நான் கைதட்டினேன். கல்லுளிமங்கன்கூடப் பல் தெரியச் சிரித்தார்.

திரும்பி வரும்போதுதான் அது நடந்தது. படியிறங்கி நம்பிக்கையோடு நாலெட்டு வைத்தவர் நேரே போய்த் தொட்டியில் மோதினார். முழங்கால் கிழிந்து ரத்தம் வந்தது. கணவர் பாய்ந்து கையைப் பிடித்தார். "விடுங்க. கைய விடுங்கன்னேன்ல!" அப்படி ஒரு குரலை அந்த வீட்டில் நான் அதற்கு முன் கேட்டதில்லை. அவர் கையை விட்டார், ஆனால் விட்ட கையை என்ன செய்வதென்று தெரியாமல் பிசைந்துகொண்டு நின்றார்.

அக்கா தரையில் உட்கார்ந்தபடியே கண்ணில் கட்டிய துணியை அவிழ்த்தார். கற்களைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "ரெண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிட்டேன் தம்பி" என்றார்.

எனக்குப் புரியவில்லை. தையல் பழகுகிறவர்கள் முதலில் செய்கிற தப்பு அதுவாம். சட்டையின் வலது கையையும் இடது கையையும் எதிரெதிராக வெட்ட வேண்டும். மறந்துபோய் இரண்டையும் ஒன்றுபோல வெட்டினால் அத்தனை துணியும் பாழ். "பழகுறப்போ ஒரு தடவை வெட்டி அழுதேன். அதுக்கப்புறம் இத்தனை வருஷத்துல வெட்டினதில்ல. இங்க வந்து வெட்டியிருக்கேன் பாருங்க." குழிக்கல் போகும்போது தொட்டிக்கு முன்னால் வருகிறது, வரும்போது தொட்டியைத் தாண்டிய பிறகல்லவா வரும்! சொரசொரப்பும் அப்படித்தான், திருப்பம் முடிந்த பிறகு, அதுவும் வலது காலுக்கு. போவதற்கு மட்டும் பாதை போட்டிருக்கிறார், வருவதற்குப் போடவில்லை. கல்லைத் தூக்கிச் சுமந்தவரும் சரி, வேடிக்கை பார்த்த நானும் சரி, அதை யோசிக்கவே இல்லை.

மழைக்காலம் வாசலில் நின்றது. ஆறு ஏறினால் காவலர் கதவைப் பூட்டிவிடுவார், தண்ணீர் வடிந்து திறக்க மாதங்களாகும். அதற்குள் சுருக்குப் பை நாடா எவ்வளவு இழுபடும் என்பதுதான் எல்லோர் மனதிலும் ஓடியது. மறுநாள் விடிந்ததும் மூவரும் ஆற்றுக்குப் போனோம். "இன்னைக்குத்தான் கடைசி. சீக்கிரம் எடுத்துட்டுக் கெளம்புங்க" என்றார் காவலர். மேடெல்லாம் கழுவி விட்டதுபோல ஈரம். ஈரக் கல் எல்லாமே காலுக்கு ஒரே மாதிரி வழுக்கியது. அக்கா ஒவ்வொன்றையும் முந்தானையால் துடைத்துவிட்டு ஏறி நின்றார். பின்கதவுக்கு ஒரு கூன் கல் கிடைத்தது, குழிக்கல் ஒன்றும் கிடைத்தது. சொரசொரப்பு மட்டும் அகப்படவில்லை. வாகான ஒன்று மண்ணுக்குள் பாதி புதைந்து கண்ணெதிரே இருந்தது. காவலர் அதையும் பார்த்தார், அக்காவின் முழங்காலில் சுற்றியிருந்த துணியையும் பார்த்தார். பார்த்துவிட்டுத் தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

"ரொம்ப நல்ல மனுஷன். ஆனா வேணாம்" என்றார் அக்கா. கணுக்கால் தண்ணீரில் இறங்கி, கால்களால் துழாவிக்கொண்டே போனார். பொழுது சாய்கிற நேரத்தில் அங்கிருந்து, "இது பேசுதுங்க!" என்று ஒரு சத்தம் வந்தது. நான் எனக்கென்று எதற்கும் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

வருவதற்கான கற்களைப் பாதையின் எதிர் ஓரத்தில் பதித்து முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மழை விட்ட ஒரு காலைப் பொழுதில், மேகம் கவிந்து தோட்டம் இருட்டிக் கிடந்தபோது, அக்கா தையல் அறையில் இருந்தார். நானும் ஒரு காலரோடு அங்கே இருந்தேன். அந்த வெளிச்சத்தில் அவருக்கு ஒன்றுமே தெரியாது, கண்ணைக் கட்டத் தேவையிருக்கவில்லை. தைத்த சீருடைகளை மூட்டையாக இரு கைகளாலும் அணைத்துக்கொண்டு, "நீங்க இங்கயே இருங்க தம்பி" என்று படியிறங்கினார்.

குழியை வலது காலால் கண்டுபிடித்து ஒதுங்கினார். தொட்டி பின்னால் போயிற்று. மரத்தருகே சற்றுத் தயங்கினார். பின்கதவில் அவர் கணவர் வந்து நின்றிருந்தார். நீட்டத் தொடங்கிய கைகளை உடனே முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அக்கா சொரசொரப்பை மிதித்தார், திரும்பினார், நேராக வந்தார். வாசலடியில் கூன் கல்லை மிதித்ததும் மூட்டையை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, மறு கையை முன்னால் நீட்டினார். கல்லுளிமங்கன் மூச்சை அடக்கி, வயிற்றை உள்ளிழுத்து, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நகர்ந்தார். அந்தக் கை அவர் மார்பை உரசாமல் கடந்துபோய்க் கதவு நிலையைத் தொட்டது.