மூடியிருக்கு எண்டு சொன்ன பயோஸ்

1. கரண்டோட படுக்கிற மெசின்

"கரண்ட் நிண்டா இதுவும் படுக்குது தங்கச்சி. படுத்தா எழும்பாது."

பவானி அக்கா லப்டொப்பை மேசையிலை வைச்சிட்டு இதைத்தான் முதல் சொன்னா. கிளிநொச்சியிலை நான் ரிப்பெயர் வேலை பாக்கிற கடை. அவாவின்ரை ஊர் அக்கராயன். மனுசன் செல்வன் அண்ணைக்குக் கடைசிச் சண்டையிலை ஷெல் துண்டு பட்டு, கழுத்துக்குக் கீழை ஒண்டும் இயங்காது. வாயிலை ஒரு தடியைக் கடிச்சுக்கொண்டு கீபோர்ட்டை அமத்துவார். எங்கட கடைக்கு வாற கலியாணக் கார்ட் எல்லாம் அவர்தான் அடிச்சுத் தாறவர். பிழை பிடிக்க ஏலாது.

ஒரு கீயை அமத்தினா, கூரையிலை கட்டின கோயில் குழாய் ஸ்பீக்கரிலை மணி அடிக்கும். பின்வயலிலை நிக்கிற அக்கா ஓடி வருவா. ஸ்பீக்கருக்குத் தனியா ஒரு பழைய பற்றரி இருந்தது. வீடு தகரக் கூரை. அவருக்குக் கழுத்துக்குக் கீழை வேர்க்காது, ஃபான் நிண்டா உடம்பு கொதிக்கும். அதாலை கரண்ட் போற நேரந்தான் மணி கட்டாயம் வேணும். அந்த நேரம் பாத்துத்தான் இந்தச் சனியன் படுத்தது. திருப்பி எழுப்ப பக்கவாட்டிலை உள்ள பவர் பட்டனை அமத்தோணும். தடி அங்கை எட்டாது.

"போர்மட் அடிச்சுக் குடு பிள்ளை" எண்டார் முதலாளி. அவருக்கு எல்லா வருத்தத்துக்கும் அதுதான் கொத்தமல்லித் தண்ணி.

அடிச்சன். டிஸ்க்கை முழுக்க அழிச்சு லினக்ஸைத் திருப்பிப் போட்டன். கடையிலை யூபிஎஸ் இருக்கிறதாலை மெசின் ஒரு குறையுமில்லாமல் ஓடினது. விசர் பிடிச்சு வயரைப் பிடுங்கினன். உடனே திரை இருண்டது. எழுப்பி, நடந்ததை மெசின் தானே எழுதி வைக்கிற லொக்கைப் பாத்தா, 'மூடி சாத்தப்பட்டது' எண்டு கிடக்கு. மூடி என்ரை கண்ணுக்கு முன்னாலை ஆவெண்டு திறந்திருக்கு.

பிழை பயோஸிலை, மெசினின்ரை போர்டிலையே பதிஞ்சு கிடக்கிற அடிப் புரோகிராமிலை. கரண்ட் போற நேரமெல்லாம் மூடியைச் சாத்திப்போட்டினம் எண்டு அது பொய் சொல்லும். லினக்ஸ் அதை நம்பிப் படுக்கும். பழைய மொடல், புது பயோஸ் எங்கையும் கிடைக்கேல்லை. ஆனா லினக்ஸ் ஆரின்ரை கதையைக் கேக்கோணும் எண்டது எங்கட கையிலை. செட்டிங் ஃபைலிலை ஒரு வரி எழுதினன்: மூடி என்ன சொன்னாலும் கணக்கெடுக்காத. திரும்பத் திரும்ப வயரைப் பிடுங்கிப் பாத்தன். படுக்கேல்லை.

ஃபோனிலை விளங்கப்படுத்த, செல்வன் அண்ணை சிரிச்சார். "எங்கட வீட்டிலையும் அதுதான் நடக்குது. நான் சொல்லுறது ஒண்டையும் அவா கணக்கெடுக்கிறேல்லை."

2. புது வேர்ஷன்

என்ரை தங்கச்சியின்ரை பிள்ளைப்பேறுக்கு நான் ஜெயபுரம் போயிருந்த நேரம், தூசு தட்ட எண்டு அக்கா மெசினைக் கொண்டந்திருக்கிறா. முதலாளி தானே தட்டி, பாவம் மனுசன் நல்லதா பாவிக்கட்டும் எண்டு எல்லாத்தையும் அழிச்சு லினக்ஸ் புது வேர்ஷன் போட்டு, மணிக் கீயையும் திருப்பிப் பொருத்திக் குடுத்திட்டார். ஆர் எதிலை என்ன திருத்தினது எண்டு எழுதி வைக்கிற பழக்கம் எங்கட கடையிலை இருக்கேல்லை. நான் எழுதின வரியும் அதோடை அழிஞ்சு போச்சு. பயோஸ் அப்பிடியே இருந்தது.

வைகாசி வெயிலுக்கை ஒருநாள் காலமை கரண்ட் நிண்டது. அக்கா வயலிலை களை பிடுங்கிக்கொண்டு நிண்டிருக்கிறா. மத்தியானம் சோறு தீத்த வந்தா, மனுசனுக்கு நினைவில்லை. உடம்பு நெருப்பு. ஆசுப்பத்திரியிலை அண்டைக்கே முடிஞ்சுது.

செத்த வீட்டிலை லப்டொப் அலுமாரிக்கு மேலை இருந்தது. பட்டனை அமத்தினன். அரைவாசி அடிச்ச கலியாணக் கார்ட்டோட எழும்பினது. புது வேர்ஷன் எண்டு கண்டோடனை செட்டிங் ஃபைலைத் திறந்து பாத்தன், என்ரை வரி இல்லை.

முதலாளிக்குச் சொன்னன். மனுசன் கதிரையிலை இருந்து, எல்லாத்தையும் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, "அக்காவுக்குச் சொல்லாத பிள்ளை. சொன்னாப் போன உயிர் வரப்போகுதே" எண்டார். கண் கலங்கியிருந்தது. எனக்கும் அது சரியெண்டுதான் பட்டது.

3. தடி

செத்து எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்குக்குப் போனன். குசினி வாசலிலை வைச்சு அக்கா என்ரை கையைப் பிடிச்சா.

"முதல்நாள் ஏசிப்போட்டன் தங்கச்சி. களை பிடுங்கேக்கை சும்மா சும்மா மணி அடிக்காதேங்கோ எண்டு. அந்தக் கோவத்திலைதான் கூப்பிடாமல் கிடந்து செத்தவர்."

இதைக் கேட்டுக்கொண்டு எப்பிடி வாயை மூடிக்கொண்டு இருக்கிறது? எல்லாத்தையும் சொன்னன். கரண்டோட மெசின் படுத்ததையும், படுக்காமல் வைச்சிருந்த வரி எங்கட கடையிலையே அழிஞ்சதையும் சொன்னன். ஏசுவா எண்டு நிண்டன்.

அவா உள்ளை போய் அந்தத் தடியைக் கொண்டந்து என்ரை கையிலை வைச்சா. கடிச்ச இடத்திலை பிளந்து, சிலும்பு சிலும்பாய்க் கிடந்தது.

"இது ஏன் இப்பிடி எண்டு எனக்கு விளங்கேல்லை" எண்டா. "அப்ப, கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார் என்ன?"

"ஓம் அக்கா."

"என்னோடை கோவமில்லை."

அதுக்குப் பிறகுதான் அவா அழுதா. பக்கத்திலை இருந்த பெண்டுகள், செத்த வீட்டண்டு கூட அவா அழேல்லை எண்டிச்சினம்.

இந்த வேலைக்கு வாற பிள்ளையளுக்கு ஒண்டு சொல்லுறன். பயோஸின்ரை பொய் போர்டிலை இருக்கும். அதுக்கு நீங்கள் செய்த மாற்று டிஸ்க்கிலைதான் இருக்கும். டிஸ்க்கை அழிக்கிறவனுக்கு அது தெரியாது. என்ன திருத்தினனீங்கள் எண்டதை மெசினின்ரை அடிப்பக்கத்திலை பெயின்ற்றாலை எழுதுங்கோ.

எங்கட கடையிலை இப்ப எது வந்தாலும் முதலாளிதான் முதல் குப்புறப் புரட்டிப் பாக்கிறவர். எழுத்து ஒண்டுமில்லாட்டியும் என்னைக் கூப்பிட்டுக் கேட்டிட்டுத்தான் கை வைப்பார்.