அம்மா கிடந்த முன்வரிசை

போன மாரியில் பெரியகல்லாற்றுக் கடற்கரையில் என் காலில் இடறியது ஒரு மனிதத் தாடையெலும்பு. பாசிக்குடா ஹோட்டலொன்றில் நாள் முழுக்க எலும்பு வெட்டும் சமையல்காரன் நான், லீவில் வந்திருந்தேன். இருந்தும், ஓடிய ஓட்டத்தில் இடுப்பில் கட்டியிருந்த சாரன் என்னைவிட்டுப் பின்தங்கிவிட்டது. உள்ளே காற்சட்டை இருந்தது ஊரின் அதிர்ஷ்டம். திரும்பிப் பார்த்தால் நாயொன்று முகர்ந்துகொண்டு நிற்கிறது. எலும்பையல்ல, சாரனை.

எதிரே வந்தவன் மச்சான். என் மாமாவின் மகன், மயானச் சபைத் தலைவன்.

"என்ன மச்சான், சாரனும் இல்லாம எங்க தேரோட்டம்?"

"மனிச எலும்புடா!"

"கடல்ல செத்ததுகள் எங்கெங்க இருந்தோ வந்து ஒதுங்கும். பொலிசுக்குச் சொல்லுவம். நீ முதல்ல சாரனை உடு."

நம்பினேன். எப்படி நம்பாமல் இருப்பேன்? எங்கள் ஊரில் எரிப்பதில்லை, கடலோர மணலில் புதைப்போம். "மாமிக்குக் கடல் காத்துப் பிடிக்கும், முன்வரிசையில வைப்பம்" என்று என் அம்மாவுக்கு இடம் பார்த்ததே அவன்தான். பக்கத்தில் அவளுடைய தமையன், அதாவது மச்சானின் அப்பா. கடலுக்கும் அவர்களுக்கும் நடுவே ஆளுயர மணல்திட்டி.

பொலிசோடு வந்த வைத்தியர் எலும்பைத் திருப்பிப் பார்த்தார். கடலில் மூழ்கியவருடையதல்ல, வருடக்கணக்காக மண்ணுக்குள் கிடந்தது என்றார். "கிட்ட மயானம் ஏதும் இருக்கா?"

மறுபடி ஓடினேன், இம்முறை மயானத்துக்கு, சாரனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. திட்டியைக் காணவில்லை. மண் விற்க ட்ரக்டர் வைத்து அள்ளியிருந்தார்கள். அந்த இடைவெளியால் கடல் ஏறி முன்வரிசையைத் தின்றிருந்தது. அம்மாவின் பெயர்க்கல் அலைக்குள் குப்புறக் கிடந்தது. ஆனால் மாமா, தெருவோர மதிலோடு, புதுச் சீமெந்துக் கல்லறைக்குள் பத்திரமாக இருந்தார்.

பின்னால் வந்த மச்சானிடம் கேட்டேன்: "மாமாவ எப்ப மாத்தினாய்?"

"மண் அள்ளுறதுக்கு முதல்." சொல்லிய பிறகுதான் அவனுக்கே விளங்கியது. "உன்னட்டச் சொல்லத்தான் இருந்தன், மச்சான். சொன்னா மண் அள்ள விடமாட்டாய் எண்டு..."

அலைக்குள் இறங்கி அம்மாவின் கல்லை நிமிர்த்தினேன்.

இப்போதும் லீவில் வந்தால் கரையோரம் நடக்கிறேன். எலும்பு கண்டால் ஓடுவதில்லை. பொலிசுக்குக் காட்டிவிட்டுத் துணியில் சுற்றுகிறேன். யாருடையதோ, தெரியாது, எல்லாமே அம்மா என்று நினைத்து மாமாவுக்குப் பக்கத்தில் புதைக்கிறேன். மச்சான் வந்து நிற்பான். மண்வெட்டிக்குக் கையை நீட்டுவான். நான் கொடுப்பதில்லை.