இங்கிலாந்துக் கப்டன் பேர்பெச்சுவா

முழங்காலுக்குக் கட்டச் சொல்லி நான் கொடுத்த துணிப்பட்டியைப் பேர்பெச்சுவா மட்டையின் பிடியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"முழங்காலுக்கு?" என்று கேட்டேன்.

"முழங்கால் வழுக்கேல்லை அக்கா. பிடிதான் வழுக்குது."

முதியோர் பராமரிப்பில் வேலை செய்த காலத்தில் இந்த மாதிரி ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வாதாடிப் பயனில்லை. இன்னொரு பட்டியை எடுத்து நானே முழங்காலில் கட்டினேன்.

பேர்பெச்சுவா யாழ்ப்பாணத்துப் பாசையூர்க்காரி. பதினெட்டு வயதில் கிழக்குப் பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமானநிலையத்தில் வந்து இறங்கினாள். இப்போது கெல்சென்கிர்ச்சனில் ட்ராம் ஓட்டுகிறாள். ஜேர்மன் கடவுச்சீட்டு வைத்திருக்கிறாள். இங்கிலாந்துக்கு ஒருநாளும் போனதில்லை. ஆனால் பன்னிரண்டு வருடமாக இங்கிலாந்துப் பெண்கள் அணியின் கப்டன்.

எங்கள் தமிழர் விளையாட்டு விழாவில் கிரிக்கெட் அணிகளுக்கு நாடுகளின் பெயர் வைப்பது வழக்கம். முதல் வருடம் சீட்டுக் குலுக்கியபோது இவளுக்கு இங்கிலாந்து விழுந்தது. மற்றவர்கள் அதைப் பெயராக எடுத்துக்கொண்டார்கள். இவள் பதவியாக எடுத்துக்கொண்டாள். அணி முழுவதற்கும் வெள்ளைக் காற்சட்டை தைத்தாள். இடைவேளையில் பால் தேநீர் கட்டாயம். கோப்பி குடித்த சிவகௌரி அடுத்த ஆட்டம் முழுக்க வெளியே இருந்தாள். மழை வந்தால், "இது எங்கட காலநிலை" என்று நனைந்துகொண்டு நிற்பாள். இலங்கை அணியை வென்ற அன்று, அவள் புருஷன் அந்தோனிப்பிள்ளை இலங்கை தோற்ற கோபத்தில் இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றார். சட்டியை மூடிவைத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

இந்த வருடம் வால்டோர்ஃபிலிருந்து, கம்ப்யூட்டர் வேலை செய்யும் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி ஒன்று வந்தது. அவர்கள் இந்தியா கேட்டார்கள். இந்தியாவாக ஏற்கெனவே யாழ்ப்பாணத்துப் பெண்கள் இருந்தார்கள், விடமாட்டோம் என்றார்கள். விழாப் பொறுப்பாளர் தபோதரன் எல்லாப் பெயர்களையும் திரும்பக் குலுக்கினார். வால்டோர்ஃபுக்கு இங்கிலாந்து விழுந்தது. பேர்பெச்சுவாவுக்கு ஜேர்மனி.

"ஜேர்மனியைப் பற்றி எங்களுக்கு என்ன தெரியும்?" என்றாள்.

"நாப்பது வருசமா இஞ்சதானே அக்கா இருக்கிறியள்."

"இருக்கிறது வேற தம்பி, விளையாடுறது வேற."

வால்டோர்ஃப் கப்டன் லக்ஷ்மிப்ரியா, "எங்களுக்கு ஒண்ணும் ப்ராப்ளம் இல்லக்கா, நீங்களே வச்சுக்கோங்க" என்றாள். தபோதரன் விடவில்லை.

"ஒராளுக்கு மாத்தினால் எல்லாரும் வருவினம். ரெண்டு அணியும் ஒரு மச் விளையாடுங்கோ. வெண்டால் இங்கிலாந்து உங்களுக்கு. மச் முடியுமட்டும் ஒண்டும் முடிவில்லை."

ஆகவே, இங்கிலாந்தாக இருப்பதற்கு அவள் இங்கிலாந்தைத் தோற்கடிக்க வேண்டியிருந்தது. மட்டைப்பிடிக்கு என் பட்டி போனது அதற்காகத்தான்.

கடைசி விக்கெட் வரை ஆட்டம் இழுபட்டது. வெல்ல மூன்று ஓட்டம் வேண்டும். பேர்பெச்சுவா நின்றாள். பந்து மட்டையின் விளிம்பை உரசிப் பின்னால் நின்றவளின் கைக்குப் போனது. அதே நேரம் பக்கத்து வீதியில் ட்ராம் ஒன்று மணியடித்துப் போனது. நடுவராக நின்ற தபோதரனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. தலையை ஆட்டினார்: ஆட்டமிழப்பு இல்லை.

பேர்பெச்சுவா மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள்.

"அம்மா, நில்லுங்கோ. அவர் இல்லையெண்டிட்டார்" என்றாள், மறுமுனையில் நின்ற மகள் மிதுசா.

"பட்டது எனக்குத் தெரியும். இங்கிலாந்துக் கப்டன் அவுட்டாகிப்போட்டு நிக்கிறேல்லை."

"அக்கா, நீங்கள் இப்ப ஜேர்மனி" என்றார் தபோதரன்.

"மச் முடியுமட்டும் ஒண்டும் முடிவில்லை எண்டு நீர்தானே சொன்னனீர்?"

அவள் எல்லைக்கோட்டைத் தாண்டினாள். ஆட்டம் முடிந்தது, இங்கிலாந்தும் போனது. லக்ஷ்மிப்ரியாவின் அணிக்குப் பால் தேநீரை அவளே ஊற்றிக்கொடுத்தாள். பிறகு தனக்கு ஒரு கோப்பி கேட்டாள்.

மறுநாள் காலை முழங்காலைப் பார்க்கப் போனேன். வீங்கித்தான் இருந்தது. குளியல் தொட்டியில் வெள்ளைக் காற்சட்டைகள் எல்லாவற்றையும் கறுப்புச் சாயத்தில் போட்டுத் தடியால் கிண்டிக்கொண்டிருந்தாள். ஜேர்மனிக்குக் கறுப்பாம். என் பட்டிகள் இரண்டும் அதற்குள்ளேயே கிடந்தன. பிழிந்து கொடியில் போட்டுவிட்டு, புதிதாக ஒன்றை எடுத்துக் கட்டினேன்.